அனுப்புநர் யார்?

கிண்டி ரயில் நிலையத்திலிருந்து காலை எட்டரை மணிக்கு வெளியே வரும் கூட்டத்தைக் கவனித்திருக்கிறீர்களா? படிக்கட்டு முடியும் இடத்தில் ஒரு பையன் பிட் நோட்டீஸ் கட்டோடு நின்றுகொண்டிருப்பான். வீட்டுக் கடன், முப்பதே நாளில் ஆங்கிலம், புதிதாகத் திறந்த பிரியாணிக் கடை என்று தினம் ஒன்று. பெரும்பாலானவர்கள் கை நீட்ட மாட்டார்கள். அவர்கள் யாரும் நோட்டீஸைப் படித்துப் பார்த்துவிட்டு வேண்டாம் என்று சொல்வதில்லை. பையனைப் பார்க்கிறார்கள், கையிலிருக்கும் கட்டின் தடிமனைப் பார்க்கிறார்கள், போன வாரம் வாங்கியதை எங்கே கசக்கிப் போட்டோம் என்பது ஞாபகத்துக்கு வருகிறது, கை தானாகப் பாக்கெட்டுக்குள் போய்விடுகிறது. பத்தடி தள்ளி, தினமும் டீ குடிக்கும் கடைக்காரர் ஒரு சீட்டை நீட்டி "சாயங்காலம் சுண்டல் போடறோம் சார்" என்றால் அதே கை வெளியே வந்து வாங்கிக்கொள்கிறது.

ஸ்பேம் வடிகட்டி என்கிற மென்பொருள் இருபத்தைந்து வருடங்களாகப் படாத பாடுபட்டு அந்தக் கை செய்வதைக் கற்றுக்கொண்டிருக்கிறது. அது எப்படிக் கற்றது என்பதைப் பார்ப்பதற்கு முன்னால் நண்பர் ஒருவரின் பட்டறைக்குப் போய்விட்டு வரலாம்.

கிண்டி தொழிற்பேட்டை 1958இல் தொடங்கப்பட்டது. அதிகாரப்பூர்வமாகத் திரு.வி.க. தொழிற்பேட்டை. நாட்டின் முதல் தலைமுறைத் தொழிற்பேட்டைகளில் ஒன்று. லேத்து ஓடிய கொட்டகைகள் பலவற்றின் இடத்தில் இன்று ஒலிம்பியா போன்ற கண்ணாடிக் கட்டடங்கள் நிற்கின்றன. அவற்றுக்கு நடுவே இன்னும் ஆயில் வாசனையோடு பிழைத்திருக்கும் பட்டறைகளில் ஒன்றில் என் நண்பர் காஸ்கெட்டும் ரப்பர் சீலும் செய்கிறார். அப்பா ஆரம்பித்தது. மாதம் ஒருமுறை புதிய விலைப்பட்டியலை மின்னஞ்சலில் அனுப்புவார். கோயம்புத்தூர் பம்பு கம்பெனிக்காரர் ஒருவர் ஒருநாள் போனில், "உங்க கொட்டேஷன் வரவே இல்லையே, வேற ஆளுக்கு ஆர்டர் கொடுத்துட்டோம்" என்றபோதுதான் விஷயம் தெரிந்தது. விலைப்பட்டியல் ஒழுங்காகப் போயிருந்தது. ஸ்பேம் ஃபோல்டருக்கு.

"சார், நான் என்ன லாட்டரி டிக்கெட்டா விக்கறேன்? காஸ்கெட் விக்கறேன். என்னைப் போய் அந்தக் கூட்டத்தோட போடறானே!"

யாரோ சொன்னதைக் கேட்டு அவர் ஏற்கெனவே வைத்தியம் பார்த்திருந்தார். தலைப்பிலிருந்து 'ஆஃபர்' என்ற சொல்லை எடுத்துவிட்டார். 'ஃப்ரீ டெலிவரி'யில் எழுத்துக்கு எழுத்து புள்ளி வைத்தார். சிவப்பு எழுத்துகளை நீலமாக்கினார். எதுவும் பலிக்கவில்லை. பலிக்காது. அந்த வைத்தியம் 2002ஆம் வருட நோய்க்கானது. புள்ளி வைப்பது அன்றைக்கே திருடர்கள் பயன்படுத்திய தந்திரம் என்பதால், இன்று அது இருப்பதையும் கெடுக்கும்.

நோயின் மூலம் இன்னும் பழையது. பள்ளியில் கடிதம் எழுதக் கற்றுக்கொடுத்தபோது முதல் வரியில் என்ன எழுதினோம்? அனுப்புநர். அதற்கடுத்து பெறுநர். தேர்வில் 'அனுப்புநர்' என்ற இடத்தில் அ.ஆ.இ. என்று எழுதினாலும் மதிப்பெண் உண்டு. யார் எழுதியது என்று சரிபார்க்கும் வேலை திருத்துபவருக்குக் கிடையாது. மின்னஞ்சலும் அப்படியேதான் வடிவமைக்கப்பட்டது. கணினி அறிஞர் ஜான் போஸ்டல் 1982 ஆகஸ்ட்டில் எழுதி வெளியிட்ட எஸ்.எம்.டி.பி. என்ற நெறிமுறையில்தான் இன்றும் உலகின் மின்னஞ்சல்கள் சர்வர் விட்டு சர்வர் போகின்றன. அதில் இரண்டு 'அனுப்புநர்' உண்டு. ஒன்று உறையின் மேல் இருப்பது; இரண்டு சர்வர்கள் தமக்குள் பேசிக்கொள்வது; கடிதம் போய்ச் சேராவிட்டால் எங்கே திருப்பி அனுப்புவது என்பதற்கானது. மற்றொன்று உள்ளே கடிதத்தில் எழுதியிருப்பது. நம் கண்ணில் படுவது. இரண்டும் ஒன்றாக இருக்க வேண்டும் என்று நெறிமுறை கேட்கவில்லை. இரண்டில் ஒன்றாவது உண்மையாக இருக்க வேண்டும் என்றுகூடக் கேட்கவில்லை.

போஸ்டல் அப்பாவி இல்லை. 1975 நவம்பரிலேயே, அதாவது ஸ்பேம் என்ற பெயரே மின்னஞ்சலுக்கு ஒட்டாத காலத்தில், வேண்டாத கடிதங்கள் வந்து குவிந்தால் மறுப்பதற்கு வழியில்லையே என்று ஒரு பக்கக் குறிப்பு எழுதியவர் அவர்தான். ஆனால் அன்றைய வலையமைப்பில் இருந்தவர்கள் பல்கலைக்கழகத்துக்காரர்கள், ராணுவ ஆய்வாளர்கள். ஒருவருக்கொருவர் தெரிந்தவர்கள். அக்ரகாரத்துத் திண்ணைக்குப் பூட்டு எதற்கு?

1978 மே 3 அன்று டிஜிட்டல் எக்விப்மென்ட் நிறுவனத்தின் விற்பனைப் பிரிவைச் சேர்ந்த கேரி தூர்க், தம் புதிய கணினியின் அறிமுக விழாவுக்கு வரச்சொல்லி சுமார் 400 பேருக்கு ஒரே கடிதத்தை அனுப்பினார். அச்சடித்த முகவரிப் புத்தகத்தைப் பார்த்து முகவரிகளைத் தட்டச்சு செய்தார்கள். அவை அதிகமாகி, பெறுநர் பகுதியில் கொள்ளாமல் கடிதத்துக்குள்ளேயே வழிந்துவிட்டன. திட்டு விழுந்தது. விற்பனையும் நடந்தது என்று பிற்காலத்தில் தூர்க் பெருமையாகச் சொல்லிக்கொண்டார். என்னைப் பொறுத்தவரை இதில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு: உலகின் முதல் ஸ்பேம், மோசடி இல்லை. உண்மையான நிறுவனம், உண்மையான கணினி, உண்மையான விழா. என் நண்பருடைய காஸ்கெட்டைப் போல. பெற்றவர்கள் கேட்கவில்லை என்பது மட்டும்தான் குறை.

ஸ்பேம் என்ற பெயர், அமெரிக்காவின் ஹார்மல் கம்பெனி 1937 முதல் விற்கும் டப்பா இறைச்சியின் பெயர். எந்தப் பலகாரம் கேட்டாலும் அதிலும் ஸ்பேம் இருக்கும் ஓட்டலைப் பற்றி மான்டி பைத்தான் குழு 1970இல் போட்ட நகைச்சுவை நாடகத்தின் வழியாகக் கணினிக்காரர்களிடம் வந்து சேர்ந்தது. நிற்க.

தொண்ணூறுகளின் இறுதியில் குப்பை தாங்க முடியாமல் போனபோது இரண்டு வகையான காவல்காரர்கள் வந்தார்கள். ஒருவர் முகவரியைப் பார்த்தார்: இந்த ஐபி எண்ணிலிருந்து குப்பை வந்திருக்கிறது, இனி இதிலிருந்து எதுவும் வேண்டாம். 1998இல் தொடங்கிய ஸ்பேம்ஹவுஸ் போன்ற தடைப்பட்டியல்கள் இன்றும் அந்த வேலையைச் செய்கின்றன. இதில் ஒரு அநியாயமும் உண்டு. முன்பு குடியிருந்தவர் வாடகை பாக்கி வைத்துவிட்டுப் போனதற்காகப் புதிதாக வந்தவரை மளிகைக் கடைக்காரர் முறைப்பதைப் போல, உங்களுக்கு முன்னால் அந்த ஐபி எண்ணை வைத்திருந்தவர் செய்த வினை உங்கள் தலையில் விடியும்.

இன்னொருவர் கடிதத்தைப் படித்தார். மைக்ரோசாஃப்ட் ஆய்வாளர்களும் மெஹ்ரான் சஹாமியும் 1998இல் ஒரு கட்டுரையில் சொன்ன முறையை, நிரலாளர் பால் கிரஹாம் 2002 ஆகஸ்ட்டில் எழுதிய கட்டுரை ஊரெங்கும் பரப்பியது. அடிப்படை, தாமஸ் பேய்ஸ் என்ற ஆங்கிலேயப் பாதிரியார் இறந்து இரண்டு வருடம் கழித்து 1763இல் அச்சான நிகழ்தகவுக் கணக்கு. கணக்கு என்றதும் பக்கத்தைத் திருப்பிவிடாதீர்கள். காஸ்கெட்டை வைத்தே போடலாம்.

உங்களிடம் 1,000 குப்பைக் கடிதங்களும் 1,000 நல்ல கடிதங்களும் இருப்பதாக வைத்துக்கொள்வோம். 'லாட்டரி' என்ற சொல் குப்பையில் 200 கடிதங்களில் இருக்கிறது, நல்லதில் 2இல். அப்படியானால் அந்தச் சொல் உள்ள கடிதம் குப்பையாக இருக்க வாய்ப்பு 202இல் 200, அதாவது 99 சதவீதம். 'இன்வாய்ஸ்' குப்பையில் 20, நல்லதில் 180; வாய்ப்பு 10 சதவீதம். ஒரே கடிதத்தில் இரண்டும் இருந்தால்? 0.99ஐயும் 0.10ஐயும் பெருக்கினால் 0.099. எதிர்ப்பக்கம் 0.01ஐயும் 0.90ஐயும் பெருக்கினால் 0.009. முதலாவதை இரண்டின் கூட்டுத்தொகையால் வகுத்தால் ஏறத்தாழ 92 சதவீதம். குப்பைதான். இப்போது அதே கடிதத்தில் 'காஸ்கெட்' என்ற சொல்லும் வருகிறது. அது குப்பையில் 1, நல்லதில் 49. வாய்ப்பு 2 சதவீதம். மூன்றையும் சேர்த்துப் போட்டால் விடை 18 சதவீதத்துக்கு இறங்கிவிடுகிறது. 'லாட்டரி' என்று எழுதியிருந்தும் காஸ்கெட் காப்பாற்றிவிட்டது!

சொற்கள் ஒன்றுக்கொன்று தொடர்பில்லாமல் வருகின்றன என்று இந்தக் கணக்கு வைத்துக்கொள்கிறது. அது உண்மையில்லை என்று போட்டவர்களுக்கே தெரியும். ஆனாலும் வேலை செய்தது. எந்தச் சொல் கெட்டது என்று யாரும் பட்டியல் எழுதிக் கொடுக்க வேண்டியதில்லை. கடிதங்களைப் பார்த்து மென்பொருளே கண்டுபிடித்துக்கொள்ளும். கிரஹாமின் கணக்கில் சிவப்பு நிறத்துக்கான குறியீடு ஆபாசச் சொற்களுக்கு இணையான குற்றவாளியாக வந்து நின்றது. நண்பர் சிவப்பை நீலமாக்கிய வைத்தியத்தின் பூர்வீகம் இதுவாகத்தான் இருக்க வேண்டும்.

திருடர்களும் கணக்குப் படித்தவர்கள்தான். கடிதத்தின் அடியில் நாவல்களிலிருந்து பத்தி பத்தியாக வெட்டி ஒட்டி 'நல்ல' சொற்களை நிரப்பினார்கள். எழுத்துக்குப் பதில் எண்ணைப் போட்டார்கள். கடிதம் முழுவதையும் படமாக்கி அனுப்பினார்கள். சொற்களை வைத்து நடக்கும் சண்டையில், சொற்களை எழுதுபவன் எப்போதும் ஒரு அடி முன்னால் இருப்பான். அதனால் காவல்காரர்கள் கேள்வியை மாற்றினார்கள். என்ன எழுதியிருக்கிறாய் என்று கேட்பதை இரண்டாம் பட்சமாக்கி, நீ யார் என்று முதலில் கேட்கத் தொடங்கினார்கள்.

நண்பரின் பட்டறையில், பிரஸ்ஸிங் மெஷின் சத்தத்துக்கு நடுவே நாங்கள் பார்த்ததும் இதைத்தான். நீங்களும் பார்க்கலாம். ஜிமெயிலைக் கணினியில் திறந்து, கடிதத்தின் வலது மூலையில் இருக்கும் மூன்று புள்ளிகளைத் தட்டி 'ஷோ ஒரிஜினல்' என்பதைத் தேர்ந்தெடுத்தால், கடிதம் பயணம் செய்த கதை முழுவதும் வரும். மேலே மூன்று வரிகள்: எஸ்.பி.எஃப்., டிகிம், டிமார்க். நண்பரின் விலைப்பட்டியலில் எஸ்.பி.எஃப். எதிரே 'பெர்ம்எரர்' என்றிருந்தது. டிகிம் என்ற வரியே இல்லை. டிமார்க் ஃபெயில்.

"பத்தாவது மார்க்ஷீட் மாதிரி இருக்கே சார்" என்றார்.

எஸ்.பி.எஃப். என்பது டொமைனின், அதாவது முகவரியில் @ குறிக்குப் பின்னால் வரும் பெயரின், சொந்தக்காரர் டி.என்.எஸ். என்கிற பொது முகவரிப் பலகையில் எழுதி வைக்கும் ஒரு வரி: என் பெயரில் கடிதம் கொண்டுவர இந்த சர்வர்களுக்கு மட்டும்தான் அனுமதி. பெறும் சர்வர், வந்தவரின் ஐபி எண்ணை அந்தப் பட்டியலோடு ஒப்பிட்டுப் பார்க்கும். நண்பரின் இணையதளத்தைச் செய்து கொடுத்தவர் முதலில் ஒரு வரி எழுதியிருந்தார். பிறகு மொத்தமாக மடல் அனுப்பும் ஒரு சேவையில் சேர்ந்தபோது, அவர்கள் சொன்னபடி வேறொருவர் இரண்டாவது வரியைச் சேர்த்திருந்தார். நல்லெண்ணத்தில்தான். ஆனால் விதிப்படி ஒரு டொமைனுக்கு ஒரே ஒரு எஸ்.பி.எஃப். வரிதான் இருக்கலாம். இரண்டு இருந்தால் எது உண்மை என்று ஆராய யாரும் மெனக்கெட மாட்டார்கள், இரண்டும் செல்லாது. இரண்டையும் ஒரே வரியாகச் சேர்த்து எழுத ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை. அந்த ஐந்து நிமிட வேலைக்காக எத்தனை மாதக் கொட்டேஷன்கள் போயின என்று அவர் கணக்குப் பார்க்கவில்லை, நானும் கேட்கவில்லை.

டிகிம், அரக்கு முத்திரை. அந்தக் காலத்தில் தபால் பைகளின் முடிச்சில் அரக்கை உருக்கி முத்திரை குத்துவார்கள்; வழியில் பிரித்தால் உடைந்துவிடும். இங்கே அரக்குக்குப் பதில் கணிதம். அனுப்பும் சர்வரிடம் ஒரு ரகசியச் சாவி. அதைக் கொண்டு கடிதத்தின் உள்ளடக்கத்திலிருந்து ஒரு கையொப்பத்தை உருவாக்கித் தலைப்பகுதியில் ஒட்டிவிடும். சரிபார்க்கும் பொதுச் சாவி டி.என்.எஸ்.ஸில் எல்லோருக்கும் தெரியும்படி தொங்கும். வழியில் ஒரு எழுத்து மாறினாலும் கையொப்பம் பொருந்தாது. யாஹூவின் டொமைன்கீஸ் என்ற முறையும் சிஸ்கோவின் ஒரு முறையும் சேர்ந்து 2007இல் தரநிலையாக வந்தது இது.

இரண்டும் இருந்தால் போதாதா? போதாது. உறையின் மேல் இருக்கும் அனுப்புநர் ஒருவர், உள்ளே கண்ணுக்குத் தெரியும் அனுப்புநர் வேறொருவர் என்ற பழைய ஓட்டை அப்படியே இருக்கிறது. திருடன் தன் சொந்த டொமைனுக்கு முறையாக எஸ்.பி.எஃப்., டிகிம் எல்லாம் வாங்கிக்கொண்டு, உள்ளே உங்கள் வங்கியின் முகவரியை எழுதலாம். 2012இல் அறிவிக்கப்பட்ட டிமார்க், இரண்டும் பொருந்துகின்றனவா என்று பார்க்கிறது. பொருந்தாவிட்டால் என்ன செய்ய வேண்டும் என்பதை டொமைனின் சொந்தக்காரரே சொல்லி வைக்கலாம்: சும்மா விடு, ஸ்பேமில் போடு, அல்லது வாசலிலேயே திருப்பி அனுப்பு. அத்துடன் உங்கள் பெயரில் உலகில் யார் யார் கடிதம் அனுப்புகிறார்கள் என்று தினசரி அறிக்கையும் வரும். முதல் அறிக்கையைப் பார்க்கும் எவருக்கும் கொஞ்சம் வயிற்றைக் கலக்கும்.

அடையாள அட்டை இருப்பதால் மட்டும் ஒருவர் நல்லவர் ஆகிவிடுவாரா? இந்தக் கேள்விக்கு நம் ஊரிலேயே நடந்த ஒரு விடை இருக்கிறது.

கத்திப்பாராவிலிருந்து ஜி.எஸ்.டி. சாலையில் தெற்கே போனால், கூடுவாஞ்சேரிப் பக்கம் யாரைக் கேட்டாலும் ஜோஹோ அலுவலகத்துக்கு வழி சொல்வார்கள். 1996இல் அட்வென்ட்நெட் என்ற பெயரில் தொடங்கி, 2009இல் ஜோஹோ என்று பெயர் மாற்றிக்கொண்ட நிறுவனம். மின்னஞ்சல் சேவையும் தருகிறது. மற்றவர்கள் சந்தை மடல்களை மொத்தமாக அனுப்புவதற்கான மென்பொருளையும் விற்கிறது. 2018 செப்டம்பர் 24, திங்கட்கிழமை. வாரத்தின் முதல் வேலை நாளில் அந்த நிறுவனத்தின் டொமைன் உலக வரைபடத்திலிருந்து காணாமல் போனது. சர்வர்கள் நன்றாகத்தான் ஓடிக்கொண்டிருந்தன. பெயரைப் பதிந்து வைத்திருந்த அமெரிக்கப் பதிவாளரான டியர்ராநெட், டொமைனையே முடக்கிவிட்டிருந்தது. காரணம்: ஜோஹோ மெயில் கணக்குகளிலிருந்து தூண்டில் மோசடிக் கடிதங்கள் போகின்றன என்ற புகார்கள். ஜோஹோ சொன்ன கணக்கின்படி, வந்த புகார்கள் மொத்தம் மூன்று. இரண்டு கணக்குகளை உடனே முடக்கியாகிவிட்டது. மூன்றாவது விசாரணையில் இருந்தது. அன்று அந்த நிறுவனத்தின் சேவைகளைப் பயன்படுத்தியவர்கள் 3 கோடிக்கும் மேல்.

நிறுவனர் ஸ்ரீதர் வேம்பு ட்விட்டரில் பகிரங்கமாக உதவி கேட்க வேண்டியதாயிற்று. சில மணி நேரத்தில் தடை நீங்கியது. ஆனால் டி.என்.எஸ். தகவல்களை உலகெங்கும் உள்ள சர்வர்கள் தம்மிடம் சேமித்து வைத்துக்கொள்ளும் என்பதால், எல்லோருக்கும் சேவை திரும்ப இன்னும் நேரம் பிடித்தது. ஒரு தானியங்கி நிரல் எடுத்த முடிவு இது என்று வேம்பு பிறகு எழுதினார். ஜோஹோ தன் டொமைனைக் கிளவுட்ஃப்ளேர் என்ற நிறுவனத்துக்கு மாற்றியது. தானே ஒரு டொமைன் பதிவாளராக ஆகப்போவதாகவும் சொன்னது.

ஒரு நிறுவனத்தின் பக்க நியாயமாக மட்டும் இதைச் சொல்லி முடித்துவிட முடியாது. கணினியில் தட்டச்சு செய்வதையெல்லாம் ரகசியமாகத் திருடி அனுப்பும் கீலாகர் மென்பொருள்களை ஆராய்ந்த கோஃபென்ஸ் என்ற பாதுகாப்பு நிறுவனம், அவற்றில் 40 சதவீதம் திருடியதை அனுப்ப ஜோஹோ கணக்குகளைப் பயன்படுத்துகின்றன என்று அடுத்த சில வாரங்களில் அறிவித்தது. இலவசக் கணக்கு திறப்பது எளிதாக இருந்தது காரணம். ஜோஹோ பிறகு விதிகளை இறுக்கியது. நல்ல நிறுவனம்தான், அட்டையும் சரிதான். ஆனால் அதன் வாசல் வழியாக யார் போய் வருகிறார்கள் என்பதும் அதன் கணக்கில்தான் எழுதப்படுகிறது. அதே ஜோஹோவின் தளத்துக்குத்தான் 2025இல் மத்திய அரசு ஊழியர்கள் சுமார் 12 லட்சம் பேரின் மின்னஞ்சல் மாற்றப்பட்டது. இழந்த பெயரை மீட்க முடியாது என்று யாரும் நினைத்துவிட வேண்டாம்.

பெயர் என்றேன். ஆங்கிலத்தில் ரெப்யூட்டேஷன் என்று இந்தத் தொழிலில் ஓயாமல் சொல்வார்கள். கூகுள் சொல்வதன்படி ஜிமெயில் ஒரு நாளைக்குச் சுமார் 1,500 கோடி வேண்டாத கடிதங்களைத் தடுக்கிறது. அத்தனையையும் வரி வரியாக அலசி நியாயம் பார்ப்பதைவிட, இந்த டொமைன் நேற்று வரை எப்படி நடந்துகொண்டது என்று பார்ப்பது எளிது. சாட்சி சொல்பவர்கள் நம்மைப் போன்றவர்கள். திறந்தோமா, திறக்காமலே அழித்தோமா, பதில் எழுதினோமா, ஸ்பேமிலிருந்து மீட்டு எடுத்தோமா, 'ஸ்பேம்' பொத்தானை அழுத்தினோமா? படிக்கட்டில் கசக்கிப் போட்ட ஒவ்வொரு நோட்டீஸையும் எண்ணும் ஒருவர் அங்கே உட்கார்ந்திருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள்.

2023 அக்டோபரில் கூகுளும் யாஹூவும் இதை எண்ணாகவே சொல்லிவிட்டன. 2024 பிப்ரவரி முதல், ஜிமெயில் முகவரிகளுக்கு ஒரு நாளில் 5,000 கடிதங்களுக்கு மேல் அனுப்புபவர்கள் எஸ்.பி.எஃப்., டிகிம், டிமார்க் மூன்றும் வைத்திருக்க வேண்டும். ஒரே தட்டலில் பட்டியலிலிருந்து விலகும் வசதி கடிதத்தின் தலைப்பகுதியிலேயே இருக்க வேண்டும். விலகியவரை இரண்டு நாளுக்குள் விட்டுவிட வேண்டும். ஸ்பேம் புகார் 0.3 சதவீதத்தைத் தொடக்கூடாது, 0.1க்குக் கீழே இருந்தால் நல்லது. 2025 மே மாதத்தில் மைக்ரோசாஃப்டும் அவுட்லுக் முகவரிகளுக்கு ஏறத்தாழ இதே பாதைக்கு வந்தது.

0.3 சதவீதம் என்றால் ஆயிரத்துக்கு மூன்று பேர். நண்பரிடம் இதைச் சொன்னபோது அவர் முகம் மாறிவிட்டது. அவருடைய பட்டியலில் 8,000 முகவரிகள். எங்கிருந்து வந்தன? பாதி, நந்தம்பாக்கம் வர்த்தக மையக் கண்காட்சிகளில் ஸ்டாலில் கண்ணாடிக் கிண்ணம் வைத்துச் சேர்த்த விசிட்டிங் கார்டுகள். கிண்ணத்தில் கார்டு போட்டால் குலுக்கலில் டிஃபன் பாக்ஸ். மீதி, 'இந்தியத் தொழிலதிபர்கள் டேட்டாபேஸ்' என்று சொல்லி யாரோ பென் டிரைவில் விற்றது. டிஃபன் பாக்ஸுக்காகக் கார்டு போட்டவர், மாதாமாதம் காஸ்கெட் விலை கேட்டவர் ஆவாரா? ஆயிரத்தில் மூன்று பேருக்காவது எரிச்சல் வராதா?

விலைக்கு வாங்கும் பட்டியலில் இன்னொரு ஆபத்து, பொறி முகவரிகள். எந்த மனிதருக்கும் சொந்தமில்லாத, எந்தப் பட்டியலிலும் தாமாகச் சேர முடியாத முகவரிகளைத் தடைப்பட்டியல்காரர்கள் இணையத்தில் ஆங்காங்கே விதைத்து வைப்பார்கள். பழைய, கைவிடப்பட்ட முகவரிகளையும் இதற்குப் பயன்படுத்துவதுண்டு. அவற்றுக்குக் கடிதம் வந்தாலே அனுப்பியவர் முகவரியைத் திருடியோ வாங்கியோ இருக்கிறார், அல்லது பழைய பட்டியலைச் சலிக்காமல் வைத்திருக்கிறார் என்று பொருள். எலிப்பொறியில் தேங்காய்ச் சில்லு. எத்தனை வைத்திருக்கிறார்கள், எங்கே என்று சொல்ல மாட்டார்கள்.

சட்டம் என்ன சொல்கிறது என்று கேட்பீர்கள். அமெரிக்காவில் 2003இலேயே தனிச் சட்டம் வந்துவிட்டது. இங்கே தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66ஏ பிரிவுக்குள், தொல்லை தரும் மின்னஞ்சலுக்கும் அனுப்புநரை மறைத்து ஏமாற்றும் மின்னஞ்சலுக்கும் ஒரு உட்பிரிவு இருந்தது. கருத்துரிமையைப் பறிக்கிறது என்று 2015 மார்ச் 24 அன்று உச்ச நீதிமன்றம் அந்தப் பிரிவு முழுவதையும் ரத்து செய்தபோது இதுவும் சேர்ந்து போனது. அந்தத் தீர்ப்பு சரியானது என்றே நினைக்கிறேன். ஆனால் குளிப்பாட்டிய தண்ணீரோடு சோப்பும் போய்விட்டது. எஸ்.எம்.எஸ். விளம்பரத்துக்கு மட்டும் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் 2018இல் கடுமையான பதிவு முறையைக் கொண்டுவந்தது: யார் அனுப்புகிறார், எந்த வாசகத்தை அனுப்புகிறார் என்று முன்கூட்டியே பதிய வேண்டும். இப்போது அனுப்புநர் பெயரின் கடைசியில் 'பி' என்ற ஆங்கில எழுத்து இருந்தால் விளம்பரம், 'எஸ்' இருந்தால் சேவை. மின்னஞ்சலுக்கு அப்படி ஒரு தாசில்தார் கிடையாது. 2023இன் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் ஒரு கதவைத் திறந்திருக்கிறது: சம்மதம் வெளிப்படையாக இருக்க வேண்டும், கொடுப்பது எவ்வளவு எளிதோ திரும்பப் பெறுவதும் அவ்வளவு எளிதாக இருக்க வேண்டும். டிஃபன் பாக்ஸ் சம்மதம் இனிமேல் செல்லுமா என்று கண்காட்சிக்காரர்கள் யோசிக்கட்டும்.

நண்பருக்கு நான் சொன்னது பெரிய ரகசியம் எதுவுமில்லை. மூன்று அட்டைகளையும் சரி செய்தோம். டிமார்க்கை முதலில் 'சும்மா விடு' என்று வைத்து, அறிக்கைகளைப் படித்த பிறகுதான் இறுக்கினோம். பென் டிரைவ் பட்டியலை அழிக்கச் சொன்னபோதுதான் சண்டை வந்தது. "காசு கொடுத்து வாங்கினது சார்!" கடைசி இரண்டு வருடத்தில் ஆர்டர் கொடுத்தவர், விலை கேட்டவர், பதில் எழுதியவர் என்று சலித்தால் 900 பேர்கூடத் தேறவில்லை. ஒருவர் கடிதத்தைத் திறந்தாரா என்பதை நம்பிச் சலிக்கவும் இப்போது வழியில்லை. 2021இல் ஆப்பிள் தன் மெயில் செயலியில் கொண்டுவந்த மாற்றத்துக்குப் பிறகு, யாரும் திறக்காத கடிதமும் திறந்ததாகக் கணக்கில் வரலாம். அந்த 900 பேரிலும் முதல் வாரம் நன்கு பழகிய 50 பேருக்கு மட்டும் அனுப்பினோம். பதில் எழுதக்கூடியவர்கள் அவர்கள்தான். அடுத்த வாரம் 100. புதிய மளிகைக் கடையில் முதல் நாளே மாதக் கணக்கு எழுதச் சொல்ல முடியாதல்லவா? விலகும் வசதியைக் கடிதத்தின் அடியில் பொடி எழுத்தில் ஒளித்து வைக்காமல் மேலேயே வைத்தோம். விலகிப் போகிறவர் புகார் செய்யாமல் போகிறார். அதுவே லாபம்.

தலைப்பில் 'ஆஃபர்' என்ற சொல் திரும்ப வந்துவிட்டது. ஒன்றும் ஆகவில்லை.

மூன்றாவது மாதம் கோயம்புத்தூர்க்காரர் போன் செய்தார். ஆர்டர் கொடுக்க இல்லை. விலை அதிகம் என்று சொல்ல. நண்பருக்கு அன்று இருந்த சந்தோஷத்தை நான் பார்த்தேன்.

உங்களுக்கு ஒரு வேலை வைத்து முடிக்கிறேன். உங்கள் ஸ்பேம் ஃபோல்டரை இன்று ஒருமுறை திறந்து பாருங்கள். தெரிந்தவர் கடிதம் ஏதாவது அங்கே கிடந்தால் 'ஸ்பேம் இல்லை' என்பதை அழுத்தி மீட்டு எடுங்கள். அவருக்கு நீங்கள் சொல்லும் சாட்சி அது. நாளை பார்த்துக்கொள்ளலாம் என்று விடாதீர்கள். ஜிமெயிலில் ஸ்பேமுக்குப் போன கடிதம் 30 நாள்தான் அங்கே இருக்கும்.